ராமநாதபுரக் கடலோரத்தில் சேர்ந்து வாழும் ஒருபாலின இணையர் செய்ய வேண்டியவை

தொண்டியிலோ பாம்பனிலோ சேர்ந்து வாழும் ஒருபாலின இணையர், 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, தங்கள் திருமணத்தைப் பதிவு செய்ய இயலாது. இது வேதனைக்குரியது; ஆயினும் பாதுகாப்பு அறவே இல்லாமற் போய்விடவில்லை.

மிகவும் அஞ்ச வேண்டியது, வீட்டார் கொடுக்கும் 'காணவில்லை' புகாரே. இருவரும் 18 வயது நிறைந்தவர்கள் என்பதற்கான சான்றுகளை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். அழைப்பு வந்தால் ஒளியாமல், வழக்கறிஞருடன் காவல் நிலையம் சென்று, விருப்பத்துடனேயே சேர்ந்து வாழ்வதாக வாக்குமூலம் கொடுங்கள். அவ்வாறு தெரியவந்தபின் துன்புறுத்தாமல் புகாரை முடித்துவைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று காவல்துறைக்கு ஆணையிட்டிருக்கிறது. மீறினால் மதுரைக் கிளையை அணுகலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், சட்ட உதவி இலவசம்.

வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது.

கடலுக்குச் செல்பவர் உயில் எழுதுவதைத் தள்ளிப்போடவே கூடாது: படகும் வலையும் இணையருக்குத் தாமாகப் போய்ச் சேரா. பயன்பெறாத இருவர் சாட்சிக் கையொப்பமிட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்துகொள்வது நல்லது.