மறதிநோய் வந்த அம்மாவிடம் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

"உங்கப்பா இன்னும் கரைக்கு வரலையேடா" என்று கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஓர் அம்மா பொழுது சாய்ந்தால் வாசலில் நிற்கிறார் என்று வையுங்கள். அப்பா இறந்து வருடக்கணக்காகிறது. "அவர்தான் செத்துட்டாரேம்மா" என்று மகன் நினைவூட்டுகிறார். பெற்றவளிடம் பொய் சொல்லக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அம்மாவுக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் சாவுச்செய்தி. சேதி சீக்கிரம் மறந்துவிடும். துக்கம் மட்டும் ஏனென்று தெரியாமல் அவரிடம் தங்கிவிடும்.

அதற்காக "நாளைக்கு வந்துடுவார்" என்றும் சொல்லாதீர்கள், விடிந்ததும் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். "அப்பா ஞாபகமா இருக்காம்மா? என்ன மீன் கொண்டு வருவார்?" என்று கேட்டுப் பாருங்கள். "சங்கரா" என்பார், பேச்சு குழம்புக்குப் போய்விடும். இதில் பொய்யே இல்லை. ஆனால் நோயின் ஆரம்பத்தில் "எனக்கு என்னடா ஆச்சு?" என்று அவரே நேராகக் கேட்டால் மழுப்பக்கூடாது. அந்த உண்மை அவருக்குச் சேர வேண்டியது.

ஏனென்றால் பணத்தை யார் பார்ப்பது, வீடு யாருக்கு, கடைசிவரை எங்கே இருக்க ஆசை என்றெல்லாம் அவரிடமே கேட்க முடிகிற காலம் அதுதான். அதை விட்டுவிட்டு, விவரம் புரியாத நிலையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கைநாட்டு வாங்குவது பெரிய தவறு. என்னைக் கேட்டால் அது திருட்டு. புரிந்து முடிவெடுக்க முடியாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. முன்பே எழுதி வாங்கிய பவர் பத்திரமும் கைகொடுக்காது. எழுதிக்கொடுத்தவருக்குச் சித்தம் கலங்கினால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். அப்புறம் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம்தான் போகவேண்டும்.

வெளியே போய்விடுவாரே என்று தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். அடுப்பு பற்றினால் யார் திறப்பது? கதவில் மணி கட்டுங்கள், போன் நம்பரைக் கையில் வளையமாகப் போடுங்கள், எதிர்வீட்டில் சொல்லி வையுங்கள்.

இரண்டே நாளில் குழப்பம் திடீரென்று கூடினால் "முத்திடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ உப்புச்சத்துக் குறைவோ இருக்கலாம், அவை சரியாகக்கூடியவை. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹோமில் சேர்ப்பது பாவமா என்ற கேள்வியைப் பெரும்பாலும் எழுப்புகிறவர் சென்னையிலிருந்து போனில் பேசும் அண்ணன். ராத்திரி எழுந்து துணி மாற்றுவது அண்ணியோ தங்கையோ. அண்ணன் முதலில் இரண்டு வாரம் லீவு போட்டு வந்து அம்மாவோடு இருக்கட்டும், கருத்தை அப்புறம் சொல்லட்டும்.