குமுளி மலை ஏறும் பைக்குக்கு எந்த ஆயில்?

"மலை ஏறுற வண்டி, கெட்டி ஆயிலா ஊத்துங்கண்ணே." கம்பம், கூடலூர் பக்கம் எந்த ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் இது காதில் விழும். லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறி இறங்கும் என் பைக்கில் 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 இரண்டையும் ஊற்றிப் பார்த்துவிட்டேன். டிரெயின் போல்ட் கழற்றிப் பழைய ஆயிலை வடிப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கேன் வாங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் மேனுவல். பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாம் அதில் போட்டிருக்கும் ஆயில் கிரேடை (10டபிள்யூ-30 மாதிரி எண்) மனதில் வைத்துச் செய்தவை. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த எண்கள். டபிள்யூ என்பது குளிர்காலம். அதற்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் ஓடும் லட்சணம். 20டபிள்யூ ஆயிலையே மைனஸ் 15 டிகிரியில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். மார்கழியில் மூணாறு வரை போனாலும் அந்தக் குளிர் இல்லை. ஆகவே முன் எண்ணுக்காக மண்டையை உடைக்க வேண்டாம்.

பின் எண்தான் நமக்கு முக்கியம். அது 100 டிகிரி சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. இரண்டு பேரை வைத்து இரண்டாம் கியரில் ஏறும்போது காற்று குறைவு, சூடு அதிகம், ஆயில் இளகும். பைக்கில் கியர் பல்லும் அதே ஆயிலை நசுக்குவதால் நாளாக ஆக இன்னும் இளகும். மேனுவல் அட்டவணை இடம் கொடுத்தால் 30-லிருந்து 40-க்கு ஒரு படி ஏறலாம். நேராக 50-க்குத் தாவினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வரை ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். தேய்மானம் பெரும்பாலும் அந்த ஸ்டார்ட்டிங் நேரத்தில்தான்.

இப்போது எல்லோரும் கோட்டைவிடும் இடம்: கேனின் பின்பக்கம். அங்கே சின்னக் கட்டத்துக்குள் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' (பைக் ஆயிலுக்கான ஜப்பான் தர முத்திரை) இருக்க வேண்டும். பைக்கில் கிளட்ச் பிளேட்டும் எஞ்சின் ஆயிலிலேயே ஊறுகிறது. கார் ஆயிலில், அதுவும் மைலேஜுக்கென்று வருகிறவற்றில், வழுக்கலைக் கூட்டும் மருந்து கலந்திருக்கும். அதை ஊற்றினால் ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்கச் சத்தம்தான் வரும், வண்டி நகராது. கிரேடு சரியாக இருந்து இந்தக் கட்டம் இல்லையென்றால் அந்தக் கேனைத் தொடாதீர்கள்.

அளவு: மேனுவலில் டிரெயின் செய்தால் ஊற்றும் அளவு ஒன்று, எஞ்சினைப் பிரித்தால் ஊற்றும் அளவு வேறு. முதலாவதை எடுங்கள். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும்.

என் கட்சி செமி சிந்தெடிக் (மினரலும் செயற்கையும் கலந்த ஆயில்), பெட்ரோல் பங்கிலோ ஸ்பேர்ஸ் கடையிலோ சீல் பார்த்து வாங்குவது. லூஸ் ஆயில் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

பின்சேர்க்கை: ஸ்கூட்டருக்கு எம்ஏ தேவையா என்று கேட்டிருந்தார்கள். அதன் கிளட்ச் ஆயிலில் ஊறாது, அதனால் ஜாசோவின் இன்னொரு முத்திரையான 'எம்பி' உள்ள கேன் போதும், மேனுவலும் பெரும்பாலும் அதையே சொல்லும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டீசல் ஜீப் வேறு கணக்கு: பெரும்பாலும் 15டபிள்யூ-40, 'சிஐ-4' போல 'சி'யில் தொடங்கும் டீசல் தரம். வீட்டில் மிஞ்சிய பைக் ஆயிலை அதில் ஊற்றாதீர்கள், டீசல் கரியைத் தாங்க அது செய்யப்பட்டதில்லை.