பால் மறந்த முயற்குட்டிகளை ஒரே கூட்டில் சேர்த்தல்

இரண்டு மூன்று பெண் முயல்கள் சில நாள் இடைவெளியில் குட்டி ஈன்ற வீட்டில், ஒரு மாதம் கழிந்ததும் கூடு போதாமற் போவது வழக்கம். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளை ஈற்றுக்கு ஒரு கூடாக வைக்க இடமில்லாததால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டி வருகிறது. அப்போது பலரும் அஞ்சுவது அவை கடித்துக்கொள்ளும் என்றுதான். ஆனால் ஐந்து முதல் எட்டு வாரக் குட்டிகள் அந்நியக் குட்டிகளைப் பெரும்பாலும் எதிர்ப்பதில்லை. ஒருமுறை முகர்ந்துவிட்டு அருகிலேயே படுத்துக்கொள்ளும். இந்த வயதில் குட்டிகளைக் கொல்வது பல் அன்று, வயிறு.

பால் நிற்கும் நாட்களில் குட்டியின் குடல் பாலிலிருந்து புல்லுக்கும் இலைக்கும் மாறிக்கொண்டிருக்கும். அதே காலத்தில்தான் குருதிக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி தன் வேலையைக் காட்டும். வளர்ந்த முயல்கள் பல, நோய் எதுவும் வெளித்தெரியாமல் இதனைச் சுமந்து திரிகின்றன. தாயின் எச்சத்திலிருந்து குட்டிக்குப் போகிறது. இரண்டு ஈற்றுகளைச் சேர்க்கும்போது இரண்டு கூடுகளின் நோய்களையும் சேர்க்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. நான் தொடக்கத்தில் செய்த பிழையும் இதுவே. வெளியிலிருந்து வாங்கிய குட்டிகளை வந்த அன்றே, அதுவும் எமது குட்டிகள் தாயைப் பிரிந்த அதே நாளில், ஒரே கூட்டில் விட்டேன். சண்டை எதுவும் நடக்கவில்லை என்று மகிழ்ந்திருந்தேன். ஒரு வாரத்துக்குள் கழிச்சலால் பாதிக்கு மேற்பட்டவை இறந்துபோயின.

ஆகவே தாயைப் பிரிதல், கூடு மாறுதல், தீன் மாறுதல், புதிய குட்டிகளைச் சந்தித்தல் ஆகிய நான்கும் ஒரே நாளில் நிகழாதபடி பார்த்துக்கொள்வதே முதல் வேலை. குட்டிகளுக்கு ஐந்து அல்லது ஆறு வாரமானதும் அவற்றைத் தூக்காமல் தாயைத் தூக்கி வேறு கூட்டில் விடுங்கள். பிறந்து வளர்ந்த கூட்டிலேயே, பழகிய மணத்தோடு, அவை ஒரு வாரம் இருக்கட்டும். அந்த வாரத்தில் இரண்டு ஈற்றுகளுக்கும் ஒரே தீனைக் கொடுத்துப் பழக்குங்கள். கினிப்புல்லோ அறுகோ எப்போதும் கூட்டில் இருக்க வேண்டும். அகத்தி, முருங்கை இலைகளைச் சற்று வாடவிட்டுச் சிறிதளவே கொடுப்பது நல்லது. கோழித்தீனை மலிவென்று கொடுக்க வேண்டாம். அதிற் சேர்க்கப்படும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சாகும்.

வெளியிலிருந்து வந்த குட்டிகளை இரண்டு வாரமாவது தனியே, முடிந்தால் கொட்டிலின் மறுபக்கத்தில் வைத்து, எமது முயல்களுக்குத் தீன் போட்ட பின்னரே அவற்றுக்குப் போட்டு, பின்பு கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு குட்டியையும் கையில் எடுத்துப் பாருங்கள். காதின் உட்புறத்தில் பொருக்கும், மூக்கிலும் பாதத்திலும் சொறியும் இருக்கக்கூடாது. முன்காலின் உட்புற மயிர் ஈரமாகவோ சடையாகவோ இருந்தால் அந்தக் குட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தும்மல் கேட்காவிட்டாலும் அதனைச் சேர்க்காதீர்கள். வாலின் கீழ் உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். வயது வித்தியாசம் பத்து நாளுக்கு மேற்படாமலிருப்பது நல்லது. வயது ஒத்திருந்தும் உடல் மிகச் சிறுத்த குட்டி தீன் பாத்திரத்தில் பின்தள்ளப்படும் என்பதால், ஒரே அளவானவற்றையே ஒன்றாக வைப்பது என் வழக்கம்.

சேர்க்கும் கூடு இரண்டு ஈற்றுகளுக்கும் புதியதாக இருக்க வேண்டும். பழைய கூடாயின் சுரண்டிக் கழுவிக் கொதிநீர் ஊற்றி, ஒரு நாள் முழுவதும் நல்ல வெயிலில் காயவிடுங்கள். கழிச்சல் ஒட்டுண்ணியின் முட்டைகளைச் சாதாரணக் கிருமிநாசினிகள் எளிதில் அழிப்பதில்லை. கொதிநீரும் வெயிலில் உலர்த்துவதும் அழிக்கும், அந்த வெயிலுக்கு வட இலங்கையின் வன்னியில் குறைவில்லை. நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட கூட்டில் ஆறு குட்டிகளுக்கு மேல் வைக்க வேண்டாம். எச்சம் கீழே விழும்படி கம்பிவலைத் தளமும், கால் புண்ணாகாமல் படுக்க ஒரு பலகைத் துண்டும் வேண்டும். தீன் பாத்திரமும் தண்ணீரும் இரண்டிரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வைப்பதானால் அதற்கு இரண்டு வாசல் விடுங்கள். ஒரு வாசற் பெட்டியில் துரத்தப்பட்ட குட்டி மூலையில் அகப்பட்டுவிடும். கீரியும் மரநாயும் சாரையும் வரும் என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வெயில் தாழ்ந்த பின் மாலையில் சேர்ப்பது நல்லது. முயலுக்கு வியர்த்து உடலைக் குளிரச்செய்யும் வழியில்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களின் நண்பகலில், கிடுகுக் கூரையின் கீழேயே அவை மூச்சிரைத்துக் கிடக்கும். ஒவ்வொன்றாக விடாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுங்கள். அதற்கு முன் ஒரே துணியால் எல்லாக் குட்டிகளின் முதுகையும் தடவிவிட்டால் மணம் கலந்துவிடும். புல்லை ஓரிடத்தில் குவிக்காமல் கூடெங்கும் தூவி, ஒரு மணி நேரம் அருகிலிருந்து பாருங்கள். முகர்வதும், சற்றுத் துரத்துவதும், ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதும் இயல்பு. மயிர் கொத்தாகப் பிடுங்கப்பட்டாலோ, ஒரே குட்டியை விடாது துரத்தினாலோ, துரத்தும் குட்டியை வெளியே எடுங்கள்.

அடுத்த பத்து நாளும் காலையில் தீன் போடும்போது எண்ணிப் பாருங்கள். எல்லாக் குட்டிகளும் பாத்திரத்துக்கு ஓடிவர வேண்டும். கூனிக்கொண்டு மூலையில் இருக்கும் குட்டி, பல்லை நறநறவென்று கடிக்கும் குட்டி, வயிறு ஊதிய குட்டி ஆகியவற்றை உடனே பிரித்து, அன்றே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். மறுநாள் வரை பொறுக்க நேரமிருக்காது. வீட்டிலுள்ள அமொக்சிசிலின் போன்ற மருந்தை வாய்வழியே கொடுத்துவிடாதீர்கள். அது குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடும். எச்சத்தில் வெளிவரும் முட்டைகள் நோயைத் தொற்றவைக்கும் நிலையை அடைய ஓரிரு நாளாகும். அதனால் தினமும் எச்சத்தை அகற்றுவதே எல்லா மருந்திலும் மேலான மருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடு ஈரமாகும்போது இந்த வேலையை ஒரு நாளும் தவறவிடக்கூடாது.

எந்தக் குட்டி எந்தத் தாயினது என்று காதின் உட்புறத்தில் மாக்கர் பேனாவால் குறியிட்டு, அழியுமுன் சில நாளுக்கொருமுறை புதுப்பித்து, கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னர் இனப்பெருக்கத்துக்குத் தெரிவுசெய்யும்போது உடன்பிறந்தவற்றைச் சேர்த்துவிடாமலிருக்க இது உதவும். எட்டு வாரமளவில் ஆண், பெண் பார்த்து, பன்னிரண்டு வாரம் முடியுமுன் ஆண்களை வெளியே எடுத்துத் தனித்தனிக் கூட்டில் விட வேண்டும். அதுவரை ஒன்றாய் உறங்கியவையே அதன் பின் ஒன்றன் விதையை மற்றது கடித்துக் கிழிக்கும். பெண் குட்டிகளை மட்டும், இடம் போதுமாயின், இன்னும் சில வாரம் சேர்த்தே வைத்திருக்கலாம்.