மழலையர் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விரலால் தொட்டு இயக்கும் பெரிய திரையான ஸ்மார்ட் போர்டு புதிதாக வந்திறங்கிய பள்ளிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போதெல்லாம், ஆரம்பத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தைத்தான் அங்கேயும் பார்க்கிறேன். ரிமோட்டைத் தொலைப்பது, ஒயரைச் சரியாகச் சொருகாமல் விடுவது எல்லாம் பத்து நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள்.

பெரியவர்கள் உயரத்தில் மாட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். மாட்ட வருகிற டெக்னீஷியன் தன் நெஞ்சு உயரத்துக்கு அளவெடுப்பார். தலைமையாசிரியை வந்து, "கடைசி பெஞ்சுக்கும் தெரியணும், இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க" என்பார். எல்கேஜியில் பெஞ்ச் ஏது? பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான்கு வயதுப் பிள்ளை ஒரு மீட்டர் உயரம் இருக்கும். கையைத் தூக்கினால் ஏறத்தாழ 120 செ.மீ. எட்டும். போர்டின் கீழ் விளிம்பே 110 செ.மீ. உயரத்தில் இருந்தால் அடியில் ஒரு கீற்றுதான் பிள்ளைக்கு மிச்சம். அந்தக் கீற்றில் இருப்பது டூல்பார், அதாவது பேனா, அழிப்பான், மூடும் பட்டன் எல்லாம் இருக்கும் பட்டை! ஒரு வகுப்பில் யுகேஜி சிறுமி மாம்பழத்தை இழுத்துக் கூடையில் போட வேண்டும். எக்கினாள், எட்டவில்லை. கை பட்டது மூடும் பட்டனில். பாடமே காணாமல் போனது. எல்லாரும் சிரிக்க, அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் அவள் எழுந்து வரவில்லை. உடனே டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். மேலே பார்த்தபடி பக்கவாட்டில் நகர்கிற பிள்ளை விழாமல் என்ன செய்யும்?

மாட்டிய பிறகு இறக்குவது பெரும் செலவு. சுவரில் புதுத் துளை, ஒயரிங், மறுபடி கூலி. புரொஜெக்டர் வகை என்றால் அதையும் இறக்கி, தொடும் இடமும் படமும் பொருந்தும்படி கேலிபிரேஷனும் புதிதாகச் செய்ய வேண்டும். அதனால் டிரில்லிங் மெஷினை எடுக்கும் முன், வகுப்பிலேயே குட்டையான பிள்ளையைக் கூப்பிட்டுச் சுவரோரம் கையைத் தூக்கச் சொல்லுங்கள். விரல் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. போர்டின் கீழ்ப்பாதி அந்தக் கோட்டுக்குள் வர வேண்டும். 65 அங்குலப் பேனலில் (புரொஜெக்டர் இல்லாத, டிவி போன்ற வகை) திரையின் உயரம் சுமார் 80 செ.மீ.தான், கீழ் விளிம்பு தரையிலிருந்து 70, 75 செ.மீ.யில் இருந்தால் போதும்.

மாட்டியாகிவிட்டதா? பல பேனல்களில் படத்தைக் கீழ்ப்பாதிக்கு இறக்கும் வசதி உண்டு, மெனுவில் தேடுங்கள். இல்லையென்றால் டூல்பாரை மறைத்துவிட்டு, பிள்ளைகள் தொட வேண்டியதையெல்லாம் திரையின் அடியில் வையுங்கள்.

ஊன்றிய கையைக் கவனிக்காதது

இன்ஃப்ராரெட் வகைப் போர்டு, திரைக்கு முன்னால் ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை எது மறைத்தாலும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும்; அதற்கு விரலும் ஒன்றுதான், வளையலும் ஒன்றுதான். பிள்ளை இடது கையை ஊன்றிக்கொண்டு 'அ' போட்டால், சுழி முடியும் முன்பே கோடு எங்கேயோ தாவும். பிள்ளையைத் திட்டாதீர்கள். இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைக்கச் சொல்லுங்கள், விளையாட்டாகச் செய்துவிடும்.

டிவி ஆக்குவது

சாப்பாட்டுக்குப் பிறகு ரைம்ஸை ஓடவிட்டுவிட்டு நோட்டுத் திருத்த உட்காருவது. 3, 4 வயதுக்கு ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. வீட்டில் போன் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஒருவர் தொட, மற்றவர் வேடிக்கை பார்ப்பது

போர்டில் ஒரு பிள்ளை ஐந்து எண்ணும்போது, பாயில் இருப்பவர்களும் ஐந்து புளியங்கொட்டை எண்ணட்டும்.

பெர்மனன்ட் மார்க்கர்

அந்த அறைக்குள்ளேயே வேண்டாம்.