ஆடியில் ஊன்றுங்கள் அவரையை

யூடியூபைப் பார்த்துவிட்டு ஃபாவா பீன்ஸ் விதை தேடுபவர்கள் நம்ம கடலூர், புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். அது குளிருக்கான பயிர், ஊட்டிப் பக்கம் சரி, இந்தச் சூட்டில் பூ நிற்காது. பந்தல் அவரை போடுங்கள்.

ஆடியில் ஊன்ற வேண்டும், ஆவணித் தொடக்கம் வரை தள்ளலாம். ஒரு அடிக் குழி, மண்ணோடு மக்கிய எரு, மூன்று விதை, ஒரு அங்குல ஆழம். முளைத்ததும் தெம்பான இரண்டை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். கடலோர மணல் என்றால் கொஞ்சம் செம்மண் சேருங்கள். மாடியில் அடியில் ஓட்டை போட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளி போதும்.

பந்தலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரைக்குப் புயல் வருவதே அவரை பூத்துக் காய்க்கும் மாதங்களில்தான். புயல் இல்லாவிட்டாலும் மழையில் நனைந்த கொடி தாங்க முடியாத கனம் கனக்கும். சவுக்குக் கழியை ஒன்றரை அடி புதைத்து, ஆள் உயரத்துக்கு மேலே கம்பியோ நைலான் கயிறோ குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். குழியைச் சுற்றி மண்ணை மேடாக்கிவிட்டால் வேரில் தண்ணீர் நிற்காது.

கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும். அப்புறம் புரட்டாசியில் ஆரம்பிக்கும் புலம்பல், "இவ்வளவு இலை, ஒரு பூ இல்லையே!" என்று. நாட்டு அவரைக்குப் பகல் குறுகினால்தான் பூ வரும், ஐப்பசி, கார்த்திகை வரை பொறுக்கத்தான் வேண்டும். அவசரப்பட்டு யூரியா போட்டால் இன்னும் இலைதான் தழைக்கும், போதாததற்கு அவரையின் வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியாவே காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துக் கொடுத்துவிடும். காத்திருக்க முடியாதவர்களுக்குக் கொடி ஓடாமல் செடியாக நிற்கும் குத்து அவரை இருக்கிறது, எந்தப் பட்டத்திலும் காய்க்கும், ருசி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

பூங்கொத்தில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். எறும்பு வரிசையாக ஏறினாலே அசுவினி வந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிஞ்சாகப் பறியுங்கள், முற்றவிட்டால் பூப்பது குறையும். விதைக்கு மட்டும் நல்ல கொத்து ஒன்றைக் கொடியிலேயே காயவிட்டு, உரித்துச் சாம்பலில் புரட்டி டப்பாவில் போட்டுவையுங்கள், வண்டு வராது.