ஒலிப்பதிவில் புகுந்த ரீங்காரத்தை நீக்கிய விதம்

வாசித்துப் பதிவு செய்த சிறுகதையை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து கேட்டபோது, வாக்கியங்களுக்கு இடையே வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓசை விடாமல் ஒலித்தது. எந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு என்று வரைபடமாகக் காட்டும் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' வசதியில் பார்த்ததில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் கூர்முனைகள் எழுந்து நின்றன. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கோளாறு மைக்கில் இல்லை, மின்னிணைப்பில்தான் என்பது தெளிவாயிற்று. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்ததும் ஓசை அடியோடு நின்றது. பழைய பதிவில் அந்த மூன்று அதிர்வெண்களையும் குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் 'நாட்ச் ஃபில்டர்' கொண்டு ஒவ்வொன்றாக நீக்கினேன். ஆண்குரலின் அடிநாதமும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே அமைவதால், வெட்டின் அகலத்தைத் தீர்மானிக்கும் கியூ (Q) மதிப்பைக் கூட்டி, வெட்டும் பட்டையை இயன்றவரை குறுக்க வேண்டியிருந்தது. மிஞ்சிய இரைச்சலுக்கு, பேச்சில்லாத ஒரு சிறு பகுதியை மாதிரியாகக் கொடுத்து, 'நாய்ஸ் ரிடக்‌ஷனை' 6 டெசிபலில் இயக்கினேன். 12 டெசிபலுக்கு ஏற்றினால் இரைச்சல் இன்னும் குறையும்தான். ஆனால், என் காதுக்கு, குரலின் உயிரும் அதோடு போய்விடுகிறது.