கலப்பினப் பாம்பும் லைசென்ஸும்: பலர் சறுக்கும் இடங்கள்

"அனுமதி தேவைப்படும் இனங்களின் பட்டியலில் பர்மிய மலைப்பாம்பு இருக்கிறது, ரெட்டிக்குலேட்டட் பைத்தான் என்ற இன்னொரு மலைப்பாம்பு இருக்கிறது. இரண்டுக்கும் பிறந்தது இல்லையே!" பாம்பு வளர்ப்பவர்களிடம் அடிக்கடி காதில் விழும் வாதம் இது. கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கும். சுங்கச் சோதனையில் எடுபடாது.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்டிஸ் (CITES) உடன்படிக்கை இந்தச் சந்துக்கு எப்போதோ பூட்டுப் போட்டுவிட்டது. பட்டியலில் உள்ள இனம் ஒன்று முந்தைய நான்கு தலைமுறைக்குள் கலந்திருந்தால், பொதுவாக அந்தக் குட்டியும் பட்டியலில் உள்ள இனம் போலத்தான். இரண்டு இனங்களும் வேறு வேறு பட்டியலில் இருந்தால் கடுமையான பட்டியலின் விதிதான் செல்லும். இந்திய மலைப்பாம்பு சைட்டிஸின் முதல் பின்னிணைப்பில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், வருகிறது, பர்மியது இரண்டாவதில். இரண்டையும் சேர்த்தால் குட்டிகள் முதல் பின்னிணைப்பின் கெடுபிடிக்குள் போய்விடும். அமெரிக்கா 2012-ல் பர்மிய மலைப்பாம்பை ஊறுவிளைவிக்கும் உயிரினமாக அறிவித்தபோது, அதன் முட்டையையும் கலப்பினத்தையும் சேர்த்தே எழுதியது.

சரி, சைட்டிஸ் அனுமதி கையில் இருந்தால் போதுமா? போதாது. அது பாம்பு நாட்டு எல்லையைத் தாண்டுவதற்கான காகிதம். வீட்டில் வைத்து வளர்க்க, இனப்பெருக்கம் செய்ய, விற்க உள்நாட்டு விதிகள் தனி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது, 'கலப்பினம் கோவேறு கழுதை மாதிரி, குட்டி போடாது' என்ற நம்பிக்கை. பாம்புகளில் இதை நம்பி இருக்க முடியாது. பலர் வளர்க்கும் நச்சற்ற பாம்புகளான கார்ன் ஸ்னேக்கும் கலிஃபோர்னியா கிங் ஸ்னேக்கும் வேறு வேறு பேரினங்கள். இவற்றுக்குப் பிறக்கும் 'ஜங்கிள் கார்ன்' நன்றாகவே இனம் பெருக்கும். (கிங் ஸ்னேக் மற்ற பாம்புகளைத் தின்னும் இனம் என்பதை மறந்து இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டால் கலப்பினத்துக்கே வேலை இருக்காது, அது வேறு கதை.) முதல் தலைமுறைக் குட்டியைப் பார்த்தால் ஓரளவு சந்தேகம் வரும்: கார்னின் திட்டுகள் கிங்கின் பட்டைகளோடு குழம்பிக் கிடக்கும். அதை மறுபடி கார்னோடு சேர்த்து, அதன் குட்டியையும் கார்னோடு சேர்த்தால், வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டம் உட்பட அச்சு அசல் கார்ன்தான். பெட்டியின் மேல் 'கார்ன்' என்று யாராவது ஒட்டிவிட்டால் அத்தோடு வரலாறு அழிந்தது. எனக்குக் கலப்பினத்தின் மேல் கோபம் இல்லை, அந்த லேபிளின் மேல்தான்.

பெட்டைப் பாம்பு விந்தணுவை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைக்கும் என்பதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. போன பருவத்தில் வேறொரு ஆணோடு இருந்த பெட்டையின் முட்டைக்கு இந்த வருட ஆண்தான் தகப்பன் என்று பதிவேட்டில் எழுதுவது வெறும் ஊகம். எந்த ஆண், எந்தத் தேதி, எத்தனை முட்டை என்று அப்போதைக்கப்போது குறித்து வையுங்கள்.

நச்சுப் பாம்புகளைக் கலப்பது? வேண்டாம். நஞ்சுமுறி மருந்து குறிப்பிட்ட இனங்களின் நஞ்சுக்காகத் தயாராவது, கலப்பினத்தின் கடிக்கு அது கேட்கும் என்று நம்ப முடியாது.

லைசென்ஸ் விண்ணப்பத்தில் இனத்தின் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கலாம். வசதியான பெயரை மட்டும் போடாமல் தாய், தகப்பன் இரண்டின் அறிவியல் பெயரையும் நடுவில் பெருக்கல் குறியிட்டு எழுதுங்கள். அது செல்லுமா என்று அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள், அதுவும் ஜோடி சேர்ப்பதற்கு முன்பே. முட்டை பொரிந்த பிறகு கேட்டு 'முடியாது' என்று பதில் வந்தால், பத்துப் பதினைந்து குட்டிகளை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.